கேட்காமல் கொட்டிய பவுடர்

போன வாரம் பயிற்சி விழாவில் நான் மூன்றாவது தட்டு ஜொலாஃப் தக்காளிச் சோற்றில் கை வைத்தபோது அத்தியாயம் முடிந்துபோனது. அந்தச் சோறு எனக்குச் செரித்துவிட்டது. எங்கள் வீட்டில் வேறு எதுவும் யாருக்கும் செரிக்கவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா அஜேய்வா குமாசி நகரத்தில், பந்தாமா மெயின் ரோட்டுக்கு ஒரு சந்து தள்ளித் தையற்கடை வைத்திருக்கிறாள். தங்கை சார்போமா அமெரிக்காவில், கொலம்பஸில். நடுவில் பிறந்தவன் நான், ஒபிரி. துணி வாங்கி வருவதும் வேன் ஓட்டுவதும் என் வேலை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் இடி வாங்கினால் சத்தமாவது போடலாம். எனக்கு அந்த உரிமையும் இல்லை.

பதினான்கு வருஷம் கழித்துச் சார்போமா ஒரு திட்டத்தோடு வந்தாள். கொலம்பஸில் நம்மூர்ப் பெண்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் ஆண்டு விழாவுக்குப் போடுகிற கபா சட்டையும் நீளப் பாவாடையும் இனி நம் கடையிலிருந்தே போகட்டும் என்று பேசி முடித்திருந்தாள். அங்கே கேட்கிற அளவுமுறை, ஓரம் அடிக்கும் மிஷின், மடித்துப் பெட்டியில் அடுக்குகிற விதம், இதையெல்லாம் நம் பெண்களுக்கு அவளே சொல்லித்தருவாள். நல்ல திட்டம். அக்கா புது மிஷின்கள் வாங்கினாள். கையில் இருந்த மற்ற வேலைகளை, ஊரே ஒரே துணியில் தைத்து உடுத்திப் போகிற சாவு வீட்டு ஆர்டரைக்கூட, எதிர்க்கடைக்குத் தள்ளிவிட்டாள். குமாசியில் சாவு வீட்டு ஆர்டரை விடுகிறவள் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை தங்கையை நம்பியிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை விமானத்தில் உடுப்புகள் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கொலம்பஸ் கதவைச் சாத்திக்கொள்ளும். எதிர்க்கடைக்குப் போன சாவுகளும் திரும்பி வராது.

சனிக்கிழமை பயிற்சி முடிவு விழா. அக்கா ஒரு சாவுக்காக மாம்பொங் போயிருந்தாள். விழாவின் கடைசியில் சார்போமா, பயிற்சிப் பெண்களை வரிசையாக மண்டியிட வைத்து, தலையில் பவுடர் கொட்டி வீடியோ எடுத்தாள். பார்க்க அழகாக இருந்தது. நான் கை தட்டினேன்.

பவுடர் எங்கள் ஊரில் பல தலைகளில் விழும். ஆனால் தையற்கடையில், துணி வெட்டும் மேஜைக்கு முன்னால், மண்டியிட்ட பெண்ணின் தலையில் விழுந்தால் அதற்கு ஒரே பொருள்தான். கற்கிற காலம் முடிந்தது, தொழில் வந்துவிட்டது, இனி நீ தனி என்று, சொல்லித்தந்த மேடம் தன் கையால் கொட்டுவது. அதற்கு விடுதலை என்று பெயர். பவுடர் விழுந்தவளை மறுநாள் காலையில் வந்து கடையைப் பெருக்கு என்று யாரும் கூப்பிட முடியாது.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கை தட்டினேனா என்று கேட்காதீர்கள். வாயில் கோழிக்கால் இருந்தது.

*

திங்கட்கிழமை காலை கம்பங்கஞ்சியும் பயறு வடையும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். மிஷின் சத்தம் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மேஜையில் அசபேயா மட்டும் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள். பயிற்சிப் பெண்களில் மூத்தவள் அவள். கொலம்பஸுக்கு முதலில் அனுப்பின மாதிரி உடுப்பு அவள் வெட்டியதுதான். அக்கா நாற்காலியில், கைகளைக் கட்டி, காலியான ஸ்டூல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மத்தவங்க எங்க?" என்றேன்.

"அதைத்தான் நானும் சுவத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எப்பக்கா ஏதாவது தெரிஞ்சிருக்கு?"

"அதுவும் சரிதான்" என்று ஒரு வடையை எடுத்தாள்.

வடை வாய்க்குப் போகவில்லை. வாசலில் டொங்கோர் வந்து நின்றார். மர டிப்போ வைத்திருப்பவர். போன வருஷம் சேர்ந்த டிவாவின் அப்பா. தோளில் விசேஷத்துக்குப் போர்த்துகிற துணி. இரண்டு கையிலும் ஜின் பாட்டில். பின்னால் ஒரு ஆள் தலையில் கலர் சோடாப் பெட்டியோடு நின்றான்.

"மேடம், நீங்க நல்லா இருக்கணும். சனிக்கிழமையே வந்திருப்பேன், நீங்க ஊர்ல இல்லைன்னாங்க. நன்றி சொல்ல வந்தேன்."

"எதுக்கு நன்றி?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க. எம்பொண்ணுக்கு விடுதலை குடுத்ததுக்குத்தான்."

"உங்க பொண்ணு காலர் வெச்சா அது முதுகுப் பக்கம் போய் உக்காருது. அவளுக்கு யார் விடுதலை குடுத்தா?"

டொங்கோர் சிரித்தார். மேடம் தன்னடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்து நீட்டினார்.

போனில் சார்போமா கொட்டிக்கொண்டிருந்தாள். பெண்கள் சிரித்துக்கொண்டே வெள்ளையாகிக்கொண்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் ஒருவன், சட்டையெல்லாம் எண்ணெய், கோழிக்காலைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.

"இது யாரு?" என்றாள் அக்கா.

யாரோ வழிப்போக்கன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சட்டை அதே சட்டை.

டொங்கோர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். "டாஃபோ ரோட்டுல கண்டெய்னர் கடை போட்டாச்சு மேடம். நீலப் பெயின்ட். போர்டுல உங்க பேரையும் எழுதச் சொல்லிட்டேன். மேடம் அஜேய்வாகிட்ட விடுதலை வாங்கினவர்னு."

அக்கா வடையைத் தட்டில் வைத்தாள். மெதுவாக வைத்தாள். அவள் கத்தும்போது யாரும் பயப்படுவதில்லை. மெதுவாக எதையாவது வைத்தால் நான் வேன் சாவி எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

"ஜின்னைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க."

"மேடம், குடுத்த விடுதலையைத் திருப்பி வாங்கினதா எங்கயும் கேள்விப்பட்டதில்லை."

"நான் குடுக்கலை."

"உங்க கடை. உங்க கூடப் பொறந்தவ கொட்டறா. உங்க தம்பி கை தட்டறாரு. இதுக்கு மேல என்ன வேணும்? மத்த அப்பா அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. நான் தையற்காரிங்க சங்கத்துக்குப் போறேன்."

"நீங்க என்ன போறது. நான் போறேன்."

அவர் போனதும் அக்கா மேஜைப் பக்கம் திரும்பினாள். "அசபேயா, உன் தலையிலயும்தான் விழுந்துச்சு. நீ ஏன் வந்தே?"

அசபேயா கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "அது உங்க கை இல்லையே மேடம்."

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அதற்கு உள்ளே இன்னொரு பதில் இருந்தது. அதை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

*

சார்போமா எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தாள். கட்டிலின் மேல் பெட்டிகள், பெட்டிகளின் மேல் அளவு அட்டைகள். காதில் போன்.

"போனை வை" என்றாள் அக்கா.

"கொலம்பஸ்க்கா. அச்சியா அம்மா."

"கொலம்பஸ் காத்திருக்கட்டும். நான் பதினாலு வருஷம் காத்திருக்கலையா?"

சார்போமா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். "என்ன ஆச்சு இப்ப?"

"சனிக்கிழமை என் கடையில என்ன பண்ணினே?"

"விழா பண்ணினேன். நீதான் சாவுக்குப் போயிட்டே."

"யார் சாவுக்குப் போனேன்னு தெரியுமா? எனக்கு விடுதலை குடுத்த மேடத்தை மண்ணுல வெக்கப் போனேன். நான் அங்க மண்ணை அள்ளிப் போடறேன், நீ இங்க பவுடரை அள்ளிப் போடறே."

"பவுடர்ல என்னக்கா இருக்கு? எலெக்‌ஷன்ல ஜெயிச்சவன் தலையிலகூடத்தான் கொட்டறாங்க. வீடியோவுக்கு நல்லா இருக்கும்னு கொட்டினேன். அங்க சங்கத்துல பார்த்துட்டு அழுதுட்டாங்க."

"அவங்க அழுது முடிச்சுட்டாங்க. இப்ப என் முறை. கடையில அசபேயாவைத் தவிர ஒருத்தி இல்லை. சங்கத்துல பஞ்சாயத்து வரைக்கும் போயாச்சு."

சார்போமாவின் முகம் மாறியது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தப்பு செய்தவர்கள் பின்வாங்கும் வழக்கம் இல்லை; முன்னால்தான் வருவோம்.

"ஏன் இல்லை? அதை யோசி. ஒரு சாக்கு கிடைச்சதும் ஏன் அப்படி ஓடினாங்க? காலையில உன் வீட்டுத் தண்ணி. அப்புறம் உன் துணி. அப்புறம் உன் பசங்களுக்குச் சாப்பாடு. சாயந்தரம் போனாப் போகுதுன்னு பட்டன். ஒரு வருஷம் கழிச்சுத்தான் கத்தரிக்கோலைத் தொட விடறே. நான் மூணு வாரத்துல முழு உடுப்பு தைக்க வெச்சேன்."

"சைஸ் நம்பர் சொல்லிக்குடுத்தே. எட்டு, பத்து, பன்னெண்டு. பந்தாமாவுல எட்டாம் நம்பர்ல யார் பொறந்திருக்கா, ஒரு ஆளைக் காட்டு."

"கொலம்பஸ்ல போடறவங்களுக்கு நம்பர்தான் வேணும்."

"அப்ப கொலம்பஸ்லயே பவுடர் வாங்கிக்கட்டும்."

"அக்கா, கொஞ்சம் உட்காரேன்" என்றேன் நான்.

"நீ கை தட்டு" என்றாள் அக்கா. பிறகு கட்டில் பக்கம் ஒரு அடி வைத்தாள். "நீ யாருடி பவுடர் கொட்ட? உன் தலையில யார் கொட்டினா? பாதியில ஓடினவ நீ."



இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. முந்தின அத்தியாயங்களில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். சார்போமா தொழில் கற்றது அக்காவிடம்தான். விசா வந்த அன்று விடுதலை வாங்காமல் போனவள். கொலம்பஸில் பகலெல்லாம் முதியோர் இல்லத்தில் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தி, மீதி நேரத்தில் தைத்து, இப்போது சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறாள். குமாசியில் விடுதலை வாங்கின மேடம் என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். சங்கம் இந்த ஆர்டரைக் கொடுத்ததே அந்தப் பெயருக்காகத்தான்.

"பாதியிலயா?" என்றாள் சார்போமா. குரல் மெலிந்துவிட்டது. "பாதியிலயாக்கா?"

கட்டிலிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "சார்போமா, யாரும்மா பாதியில ஓடினது?"

கவிழ்த்து வைத்தாலும் போன் போன்தான். அச்சியா அம்மா, கொலம்பஸ் பெண்கள் சங்கத்தின் தலைவி, அங்கே ராத்திரி ஷிஃப்டில் இருந்தாள். தூக்கம் போன எரிச்சல் கடலைத் தாண்டி வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, குடும்பப் பேச்சு."

"குடும்பப் பேச்சு உங்களோட வெச்சுக்குங்க. எனக்கு உடுப்பு வருமா வராதா? பொண்ணுங்க வரலைன்னு சத்தம் கேட்டுச்சே. பஞ்சாயத்து எப்ப?"

"மத்தியானம்" என்றாள் அக்கா, போனைப் பார்த்து நேராக.

"அப்ப மத்தியானம் என்னைக் கூப்பிட்டு வெச்சிருங்க. நானும் கேக்கணும்."

*

வேனில் அக்கா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அசபேயா பின்னால். சார்போமா டாக்ஸியில் வருகிறாள். கெஜேத்தியா சந்தைப் பக்கம் வண்டிகள் நகரவில்லை.

"சொல்லாதேக்கா" என்றேன்.

"எதை?"

"உனக்குத் தெரியும்."

"அவ கொட்டினது செல்லாதுன்னு ஆகணும்னா அதை ஒண்ணுதான் சொல்லணும். விடுதலை ஆகாதவ கை விடுதலை குடுக்காது. பொண்ணுங்க நாளைக்கே திரும்பி வந்துருவாங்க."

"அச்சியா அம்மா கேட்டுக்கிட்டு இருப்பா. சார்போமா பேரு அங்க போயிடும்."

"சொல்லலைன்னா என் கடை இங்க போயிடும். நீயே சொல்லு, எது போகலாம்?"

எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டையும் கேட்கிறவனுக்கு எங்கள் ஊரில் பேராசைக்காரன் என்று பேர். தம்பி என்றும் சொல்லலாம்.

"ரெண்டும் போக வேண்டாம்னா?"

"அப்ப வண்டியை ஓட்டு."

பினமாங் அம்மா எங்கள் வட்டாரத் தையற்காரிகள் சங்கத்தின் தலைவி. அவள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெற்றோர்கள் ஒரு பக்கம். விடுதலை ஆன பெண்கள் இன்னொரு பக்கம். எல்லாருடைய மடியிலும் புதுக் கைப்பை. சனிக்கிழமை வரை ஊசி டப்பா வைத்திருந்த மடிகள். சார்போமா முன்வரிசையில், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்தாள். திரையில் அச்சியா அம்மா, வேலை முடிந்து வந்த யூனிஃபார்மோடு, டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பஞ்சாயத்தில் தலைவியோடு நேராகப் பேசக்கூடாது. நடுவில் ஒரு பேச்சுக்காரர் நின்று, நாம் சொல்வதை நயமாக்கி எடுத்துச் சொல்வார். ஒடிசலான ஒரு தையற்காரர் அன்றைக்கு நின்றார்.

"திருட்டுக் கழுதைங்கன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா, கைப்பைகளைப் பார்த்து.

"பிள்ளைகள் சற்று அவசரப்பட்டுவிட்டதாக மேடம் கருதுகிறார்" என்றார் அவர்.

டொங்கோர் எழுந்து வீடியோவைக் காட்டினார். கையிலிருந்து கைக்குப் போனது. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு என்னையும் ஒரு முறை பார்த்தார்கள். எதிர்வரிசையில் ஒரு அம்மா, "கோழி நல்லா இருந்துச்சா?" என்று விசாரித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பினமாங் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "கடை அஜேய்வாவோடது. கொட்டினது தங்கச்சி. தங்கச்சி கையும் அக்கா கைதான்னு பெத்தவங்க சொல்றாங்க. நான் ஒண்ணு கேக்கறேன். இந்தத் தங்கச்சிக்கு விடுதலை ஆயிருக்கா?"

பேச்சுக்காரர் அதை எடுத்துச் சொல்ல வாய் திறந்தார். தேவைப்படவில்லை. எல்லாருக்கும் கேட்டிருந்தது. கொலம்பஸுக்கும் கேட்டிருந்தது, டீ கப் பாதியில் நின்றது.

அக்கா எழுந்தாள். சார்போமா அவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. சொல்லிப் பார் என்கிற பார்வை. சின்ன வயதில் கடைசி மீன் துண்டுக்கு இருவரும் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"இல்லை" என்றாள் அக்கா. "நான் குடுக்கலை. வேற யாரும் குடுக்கலை."

பந்தலுக்குள் சலசலப்பு. டொங்கோர் "அப்ப என் கண்டெய்னர்?" என்றார், யாரையும் குறிப்பிடாமல். பெண்கள் கைப்பைகளை இறுக்கிக்கொண்டார்கள்.

"சார்போமா" என்றது போன். "அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

சார்போமா எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டாள். கோபம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கோபம்.

"உண்மையைத்தான் சொல்றாங்க அச்சியாம்மா. எனக்கு விடுதலை ஆகலை." பிறகு பேச்சுக்காரரைத் தாண்டி நேராகத் தலைவியிடம் திரும்பினாள். "ஏன் ஆகலைன்னு கேளுங்க. மூணு வருஷம் பேசினாங்க. மூணு வருஷம் முடிஞ்சுது. ஈஸ்டர் முடியட்டும்னாங்க. அப்புறம் கிறிஸ்துமஸ்னாங்க. அப்புறம் ஒரு பெரிய கல்யாணம் இருக்கு, அது போகட்டும்னாங்க. ஒண்ணரை வருஷம் சும்மா தைச்சேன். கடையில நல்ல வேலை வந்தா என் மேஜைக்கு வரும். பேரு அவங்களுக்குப் போகும். விசா வந்துச்சு, போனேன். இதுக்குப் பேரு பாதியில ஓடறதா? கேளுங்க."

"மேடத்தின் தங்கை தம் நினைவுகளைப் பகிர்ந்துகொள்ள" என்று ஆரம்பித்தார் பேச்சுக்காரர்.

"சும்மா இருப்பா" என்றாள் பினமாங் அம்மா. "அஜேய்வா, காலம் முடிஞ்சிருந்துதா?"

அக்கா பாவாடை மடிப்பை நீவினாள். அவள் பொய் சொல்லமாட்டாள். அது பெரிய குணம் ஒன்றும் இல்லை. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுவாள்.

"முடிஞ்சிருந்துதா?"

"அவ என் தங்கச்சி. தங்கச்சிக்கு என்ன காலம்?"

அப்போதுதான் அசபேயா எழுந்தாள். பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் அந்த முற்றத்தில் வாய் திறப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. காலையிலிருந்து அவள் சேர்த்துவைத்திருந்தாள் போல. காலையிலிருந்து மட்டுமில்லை.

"நான் தங்கச்சி இல்லை மேடம்" என்றாள். "எனக்கும் காலம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. எனக்கும் ஈஸ்டர்னுதான் சொன்னீங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு தலைகள் மெதுவாக ஆடின. அக்கா அந்தத் தலைகளைப் பார்த்தாள். அடிபட்டவள் மாதிரி பார்த்தாள். பிறகு கோபம் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, தேடி எடுத்துக்கொண்டாள் என்று சொல்லலாம்.

"சோறு போடலையா நான்? உடம்பு சரியில்லைன்னா யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா?"

"போட்டீங்க. கூட்டிட்டுப் போனீங்க" என்றாள் அசபேயா. "அது வேற மேடம். நான் கேக்கறது வேற. இன்னிக்கு எல்லாரும் வராதப்ப நான் வந்தேன். ஏன் வந்தேன்? உங்க கை கொட்டினாத்தான் எனக்கு விடுதலை. அதுக்காகத்தான் வந்தேன். நாளைக்கும் வருவேன். எத்தனை நாளைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பினமாங் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "சனிக்கிழமை கொட்டினது செல்லாது" என்றாள். "காலம் முடியாத பொண்ணுங்க நாளைக்குக் காலையில கடைக்குப் போகணும். டொங்கோர், போர்டைக் கழட்டுங்க. ஆனா காலம் முடிஞ்சவளைப் பிடிச்சு வெச்சிருக்கிற கடைக்கு இந்தச் சங்கம் பொண்ணுங்களை அனுப்பாது. அஜேய்வா, இவளுக்கு நாள் சொல்லு. சொன்னாத்தான் மத்தவங்க வருவாங்க."

"பேசி முடிச்சாச்சா?" என்றது போன். அச்சியா அம்மா முகத்தைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தாள். "நான் இங்க அத்தனை பொம்பளைங்களுக்கும் வாக்குக் குடுத்திருக்கேன். அக்கா தங்கச்சி சண்டைக்கு விழாவைத் தள்ளிவைக்க முடியாது. எங்களுக்கு வந்த மாதிரி உடுப்பை வெட்டினது யாரு?"

நான் சொல்லிவிட்டேன். எனக்கு எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று இன்றுவரை தெரியாது. "அசபேயா."

"இப்ப பேசின பொண்ணா? போனை அவகிட்ட குடுங்க."

சார்போமா போனை எடுத்தாள். கொடுக்கவில்லை. "அச்சியாம்மா, பேசினது நான். ஆர்டர் என் மூலமா."

"நீ விடுதலை வாங்கினவன்னு எங்கிட்ட சொன்னே. அதை நீ இங்க திரும்பி வந்தப்புறம் பேசிக்கலாம். குடு."

சார்போமா கொடுத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

"ஏம்மா, ஆளுங்களைச் சேர்த்துத் தந்தா நீயே தைச்சு அனுப்புவியா? நேரா எனக்கு?"

நாற்காலிகள் எல்லாம் அசபேயா பக்கம் திரும்பின. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே விஷயத்துக்குப் பயந்தார்கள்.

அசபேயா அவசரப்படவில்லை. "தைப்பேன் அம்மா. ஆனா எனக்கு இன்னும் விடுதலை ஆகலை. ஆகாம என் பேர்ல துணி வெட்டினா நாளைக்கு இந்த ஊர்ல எவளும் என்னை மதிக்கமாட்டா."

"நான் உனக்கு சர்ட்டிஃபிகேட் எழுதித் தரேன்" என்றாள் சார்போமா. "முத்திரையோட."

"பேப்பர் வேண்டாங்க்கா" என்றாள் அசபேயா, மரியாதையாகத்தான். பிறகு போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

விடுதலை கொடுத்தால் கடையின் கை போய்விடும். ஒருவேளை கொலம்பஸும் அவளோடு போய்விடும். கொடுக்காவிட்டால் நாளைக்கு ஒரு ஸ்டூலும் நிரம்பாது. பந்தலில் எல்லாருக்கும் இது புரிந்திருந்தது. ஈக்குக்கூடப் புரிந்திருக்கும்.

அக்கா கைப்பையை எடுத்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வெளியே போய், வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

நான் பின்னால் ஓடினேன். அதுவும் என் வேலைதான்.

"வண்டியை எடு" என்றாள்.

சாவியைப் போட்டேன். திருப்பவில்லை. அவள் கண்ணாடி வழியாக எதிரே ஒரு டயர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் காலம் முடிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லலாம். யாரும் நம்பமாட்டாங்க."

"நீ?"

"நான் டிரைவர்க்கா. நம்பறது என் வேலை இல்லை."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அசபேயா போயிட்டா அந்த மேஜையில யார் நிப்பா? எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லைடா. ரவிக்கைக் கழுத்து வளைவு எனக்கு நேரா வரமாட்டேங்குது. வருஷம் ஒண்ணாச்சு. யாருக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் வடை தின்கிறவன் நான். ஸ்டியரிங்கைத் துடைத்தேன். சார்போமா போனபோதும் இவள் அழவில்லை. அன்றைக்கும் இப்படித்தான், டயர்க்கடை மாதிரி ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சிகிட்ட சொல்லேன்" என்றேன்.

"அவகிட்டயா? அவ எனக்கு எட்டாம் நம்பர் கண்ணாடி வாங்கிக் குடுப்பா."

பந்தலுக்குள் யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பேச்சுக்காரர் குரல் இல்லை, சார்போமாவின் குரல். அழுதிருந்த குரல் அது, அல்லது இன்னும் கத்தக் காத்திருந்த குரல்.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். பாவாடையை நேராக்கிக்கொண்டு பந்தலைப் பார்த்து வேகமாக நடந்தாள். நான் பின்னாலிருந்து அவள் முதுகை மட்டும்தான் பார்த்தேன். விடுதலை கொடுக்கப் போகிறாளா, அறையப் போகிறாளா என்று அந்த முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே நடைதான்.